தலைமை சரியில்லாத சட்டக் கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வழக்கறிஞர். கோர்ட் வேலைக்கு நடுவே ஒரு சட்டக் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் பகுதிநேரமாக வகுப்பு எடுத்தேன். நான் சேர்ந்தபோது அது நல்ல கல்லூரி. விலகியபோது அப்படி இல்லை. அந்த இறக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் பெற்றோர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரிகள் வேறு வேறு, சந்தேகங்கள் மட்டும் அதே சந்தேகங்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பட்டத்தின் மேல் நான் சேறு பூச விரும்பவில்லை.

ஒரு சட்டக் கல்லூரி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களே, ரிசல்ட் குறைஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

இல்லை. தேர்ச்சி விகிதம் கடைசியாகத்தான் விழும், பல இடங்களில் விழவே விழாது. பழைய வினாத்தாள் ஐந்தும் ஒரு கைடும் இருந்தால் செமஸ்டர் தேர்வைத் தாண்டிவிடலாம். பட்டம் வாங்கிய பிறகு எழுதும் அகில இந்திய பார் தேர்வும் 100 கொள்குறி வினாக்கள்தான், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். அதில் பாஸ் ஆனதை வைத்துக் கல்லூரியை எடை போட முடியாது.

நான் பார்ப்பது வேறு. ஐந்து வருடம் படித்த பையனிடம் ஒரு தீர்ப்பைக் கொடுத்தால், அதில் நீதிமன்றம் எதைத் தீர்மானித்தது, எதைப் போகிற போக்கில் சொன்னது என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறதா? ஒரு எளிய பணவசூல் வழக்குக்குப் பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, வரையத் தெரிகிறதா? நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல முடிகிறதா? ஒரு காலத்தில் இதையெல்லாம் செய்யும் பிள்ளைகளை அனுப்பிய கல்லூரி இப்போது அனுப்பவில்லை என்றால் அது தேய்ந்துவிட்டது.

புதுக் கட்டடம், ஏ.சி. போட்ட மூட் கோர்ட் ஹால், எல்லாம் இருக்கே. அப்புறம் என்ன குறை?

கட்டடம் ஒரே தடவை செலவு. ஆசிரியர் சம்பளமும் நூலகச் சந்தாவும் ஒவ்வொரு வருடமும் செலவு. சரியில்லாத தலைமை முதலாவதைச் செய்து படம் எடுத்து வைத்துக்கொள்ளும், இரண்டாவதில் கை வைக்கும். நான் இருந்த கல்லூரியில் மாதிரி நீதிமன்றக் கூடத்துக்குத் தேக்கு மரத்தில் மேடை போட்ட அதே வருடம்தான் தீர்ப்புத் தொகுப்புகளுக்கான சந்தாவை நிறுத்தினார்கள்.

அலமாரியில் சிவப்பு அட்டை போட்ட தொகுதிகள் வரிசையாக 2014 வரை வந்து அதோடு நின்றுபோயிருந்தன. அது என்ன செய்தது என்று சொல்கிறேன். ஒரு மாணவி மாதிரி நீதிமன்றத்தில் வாதாடினாள். நல்ல குரல், நல்ல தயாரிப்பு. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவு செல்லும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பை நம்பிக்கையோடு எடுத்து வைத்தாள். 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பையே தவறு என்று தள்ளிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. நடுவராக வந்திருந்த வழக்கறிஞர் மென்மையாகத்தான் சொன்னார். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அவள் படித்த அலமாரி 2014-லேயே நின்றுவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

ஒரே ஒரு முதல்வர் சரியில்லைன்னா கல்லூரியே கெட்டுடுமா? ஆசிரியர்கள் இருக்காங்களே?

ஒரு வருடத்தில் கெடாது. முதல் இரண்டு வருடம் பழைய ஆசிரியர்களின் உழைப்பில் வண்டி ஓடும். அதனால்தான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். முதலில் ஆலோசனைக் கூட்டங்கள் நிற்கும். பாடத்திட்டம், தேர்வு, கால அட்டவணை எல்லாம் சுற்றறிக்கையாக வந்து விழும். கேள்வி கேட்ட ஆசிரியருக்கு அடுத்த செமஸ்டரில் அவருக்குச் சம்பந்தமில்லாத பாடம் ஒதுக்கப்படும். அரசமைப்புச் சட்டத்தில் இருபது வருடம் ஊறியவரைக் கொண்டுபோய் நிறுமச் (கம்பெனி) சட்டத்தில் போடுவார்கள். நல்ல ஆசிரியருக்கு வேறு இடம் கிடைக்கும், போய்விடுவார். போக இடமில்லாதவரும் வாயைத் திறக்காதவரும் மிஞ்சுவார்கள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, தன்னைவிடக் கெட்டிக்காரரை எடுக்கப் பயப்படும் தலைமை எப்படிப்பட்டவரை எடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வருடம் மூத்த மாணவர்கள் ஜூனியர்களிடம் "வகுப்புக்கெல்லாம் போக வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு ஒரு பேட்ச்சிலிருந்து அடுத்த பேட்ச்சுக்குப் போய்விட்டால், பிறகு முதல்வரை மாற்றினாலும் அது உடனே மாறாது.

எங்க காலேஜ்ல நாலு வருஷமா 'பொறுப்பு முதல்வர்'தான். கையெழுத்து போட ஆள் இருக்கே, போதாதா?

போதாது. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், ஒவ்வொரு கல்லூரிக்கும் உரிய தகுதியுள்ள முழுநேர முதல்வர் இருக்க வேண்டும் என்கின்றன. இடைக்காலத்துக்கு ஒருவர் பொறுப்பில் இருப்பது தவிர்க்க முடியாதது. அதுவே வருடக்கணக்கில் நீண்டால், அந்த நாற்காலியை யாரோ வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொறுப்பு முதல்வர் நாளை காலையில் மாற்றப்படலாம். அதனால் அவர் நிர்வாகத்திடம் "முடியாது" என்று சொல்லமாட்டார். தனியார் கல்லூரியில் தாளாளரும் அரசுக் கல்லூரியில் மேலிடமும் சொல்வதை அப்படியே கீழே கடத்துவார்.

முதல்வரின் உண்மையான வேலையே அந்த "முடியாது"தான். 60 பேர் பிரிவில் 75 பேரைச் சேர்க்கச் சொல்லும்போதும், வராத மாணவனுக்கு வருகை போடச் சொல்லும்போதும், அக மதிப்பெண்ணை ஏற்றச் சொல்லும்போதும் யாராவது ஒருவர் மறுக்க வேண்டும்.

எத்தனை ஆசிரியர் இருக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. மேலே சொன்ன 2008 விதிகளின்படி மூன்றாண்டு, ஐந்தாண்டுப் படிப்பு இரண்டும் நடத்தும் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் முதல் ஆண்டில் குறைந்தது 6 பேர், இரண்டாம் ஆண்டில் 8, மூன்றாம் ஆண்டில் 10. ஐந்தாண்டுப் படிப்பில் வரும் வரலாறு, பொருளாதாரம், அரசியல் போன்ற பாடங்களுக்கான ஆசிரியர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள், தனி. ஒரு பிரிவில் 60 மாணவர்களுக்கு மேல் கூடாது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, அதில் 24 மணி நேரமாவது விரிவுரை.

இது அடித்தளம் மட்டும்தான், இதற்குக் கீழே போனால் கல்லூரியே இல்லை என்ற அளவு. ஆனால் பேருக்குப் பத்துப் பேரும் வகுப்பறையில் நான்கு பேருமாக இருக்கும் இடங்கள் உண்டு. இரண்டு பிரிவுகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒருவர் ஒலிவாங்கியில் பாடம் நடத்துவதைப் பார்த்தால், கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பகுதிநேர ஆசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் நல்லாத்தானே நடத்துறாங்க?

நானே அப்படி இருந்தவன்தான். வழக்கறிஞர்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம் என்று 1979 முதல் விதியே இருக்கிறது. அன்று காலையில் கோர்ட்டில் நடந்ததை மாலையில் வகுப்பில் சொல்ல முடிவது பெரிய பலம். ஆனால் எனக்குக் கல்லூரியில் ஒரு மேசைகூடக் கிடையாது. மணி அடித்ததும் கிளம்பிவிடுவேன். ஒரு மாணவன் தன் கட்டுரையைக் காட்டிச் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் என்னை வண்டி நிறுத்தும் இடத்தில்தான் பிடிக்க முடியும். முழுநேர ஆசிரியருக்குத் துணையாக எங்களை வைத்திருந்தால் கல்லூரிக்கு லாபம். அவர்களுக்குப் பதிலாக, சம்பளம் குறைவு என்பதற்காக வைத்தால் நஷ்டம்.

கௌரவ விரிவுரையாளர்கள் நிலைமை இன்னும் வருத்தமானது. முழு நாளும் வேலை, கையில் வருவது சொற்பத் தொகை, அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாது. அவர்கள் நன்றாக நடத்துவது அவர்களுடைய நல்ல மனசு. அதைத் தலைமை தன் சாதனையாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

வகுப்புக்கு வரலைன்னாலும் அட்டெண்டன்ஸ் போட்டுடறாங்க. மாணவனுக்கு அது நல்லதுதானே?

குடும்பச் சூழலால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. விதி என்ன சொல்கிறதென்றால், ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் 65 விழுக்காடும் எல்லாப் பாடங்களும் சேர்த்து 70 விழுக்காடும் இருந்தால் முதல்வர் அனுமதிக்கலாம். அதாவது இரக்கம் காட்ட விதியிலேயே இடம் இருக்கிறது.

ஆனால் வருகைக்கு விலை வைப்பது வேறு விஷயம். கல்லூரிக்கு ஒரு தடவைகூடப் போகாமல் பக்கத்து மாநிலத்தில் பட்டம் வாங்கிவிட்டு வருகிறவர்களைப் பற்றியும், பேப்பரில் மட்டும் இருக்கும் 'லெட்டர்பேடு கல்லூரிகள்' பற்றியும் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேசியிருக்கிறது. அதன் கேடு நேர்மையாக வந்து உட்கார்ந்திருக்கும் மாணவனுக்குத்தான் முதலில். 60 பேர் இருக்க வேண்டிய வகுப்பில் 11 பேர் இருந்தால் ஆசிரியர் தயாரித்து வருவதை நிறுத்திவிடுவார். நானே ஒரு செமஸ்டரில் அப்படி மந்தமானேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் குற்ற உணர்ச்சிதான்.

எங்க பிரின்சிபால் ரொம்ப ஸ்ட்ரிக்ட். மொபைல் பறிமுதல், உடைக் கட்டுப்பாடு, எதுக்கெடுத்தாலும் சஸ்பென்ஷன். நல்ல நிர்வாகம்தானே?

கண்டிப்பையும் அடக்குமுறையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கண்டிப்பு ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வகுப்பு சரியாக ஒன்பது மணிக்குத் தொடங்குகிறதா? அக மதிப்பெண் சொன்ன தேதியில் ஒட்டப்படுகிறதா? விடைத்தாளைத் திருப்பிக் காட்டுகிறார்களா? மாணவனின் சட்டைக் காலரில் மட்டும் கண்டிப்பு இருந்தால் அது நிர்வாகத் திறமை இல்லாததை மறைக்கும் திரை.

சட்டக் கல்லூரி என்பதால் எனக்கு இதில் கூடுதல் வருத்தம் உண்டு. நிர்வாகச் சட்ட வகுப்பில் இயற்கை நீதியின் முதல் பாடம், மறுதரப்பைக் கேட்காமல் தண்டிக்காதே என்பது. அந்தப் பாடத்தைச் சொல்லும் 1978-ன் மேனகா காந்தி வழக்கை அரை மணி நேரம் விளக்கிவிட்டு நான் வெளியே வந்தபோது, அறிவிப்புப் பலகையில் நான்கு மாணவர்களின் இடைநீக்க உத்தரவு ஒட்டியிருந்தது. குற்றச்சாட்டு என்ன என்று எழுதவில்லை, விளக்கம் கேட்கவில்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு மனு கொடுத்தது மட்டும்தான் அவர்கள் செய்தது. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், நேத்து நீங்க நடத்தினது நம்ம காலேஜுக்குப் பொருந்துமா?" என்று கேட்டான். பொருந்தும் என்று சொன்னேன். அடுத்த செமஸ்டரில் எனக்கு அந்தப் பாடம் தரப்படவில்லை.

பார் கவுன்சில்காரங்க ஆய்வுக்கு வர்றாங்களே, அவங்க கண்ணுல இதெல்லாம் படாதா?

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம்தான் சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலுக்குத் தந்திருக்கிறது. ஆய்வு நடக்கிறது. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த ஒரு நாள். அன்றைக்கு நூலகத்தில் புதுப் புத்தகங்கள் இருக்கும், ஆசிரியர் அறையில் எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பார்கள். ஆய்வு முறை சரியில்லை என்ற பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் அதை ஆராய ஒரு குழுவே அமைக்கப்பட்டது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2019-ல் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்று ஆண்டுத் தடை போட்ட பார் கவுன்சில், 2025 ஆகஸ்டில் மறுபடியும் மூன்று ஆண்டுத் தடை அறிவித்தது. தரமற்ற கல்லூரிகள் பெருகுவதையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் அதற்குக் காரணமாகச் சொன்னது. புதிதாகத் திறப்பதை நிறுத்தியது நல்லது. இருக்கும் கல்லூரிகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்கும் பழக்கம் வந்தால் இன்னும் நல்லது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள்ல இந்தப் பிரச்சினையே இருக்காது, இல்லையா?

அப்படி நினைத்துத்தான் பலர் அங்கே சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடம் தயார் செய்கிறார்கள். அங்கே ஆசிரியர்களும் நூலகமும் பெரும்பாலும் மேலானவைதான். ஆனால் தலைமைப் பிரச்சினை அங்கேயும் வந்திருக்கிறது. 2018-ல் கொல்கத்தா, ராய்ப்பூர் ஆகிய இரண்டு இடங்களிலும் மாணவர்கள் நிர்வாகத்தை எதிர்த்துப் போராடி, இரண்டு இடத்திலும் துணைவேந்தர்கள் பதவி விலகினார்கள். ராய்ப்பூர் மாணவர்களின் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? நூலகத்தையும் வளாகத்தையும் இரவில் அதிக நேரம் பயன்படுத்த விடுங்கள் என்பது. 2019-ல் பெங்களூரில் துணைவேந்தர் நியமனம் இழுத்துக்கொண்டே போனதால் மாணவர்கள் போராட வேண்டியிருந்தது.

இதே பெங்களூர்தான் நல்ல தலைமைக்கும் உதாரணம். 1980-களின் கடைசியில் பேராசிரியர் மாதவ மேனன் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைத்தபோது, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பை முழுமூச்சாக நடத்திக் காட்டினார். மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் தேசியச் சட்டப் பள்ளிகளைத் தொடங்கின.

அப்போ போராட்டம், அடிதடி நடக்கிற காலேஜ் எல்லாம் கெட்ட காலேஜா?

போராட்டத்தையும் அடிதடியையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நூலகம் கேட்டுப் போராடும் மாணவர்கள் கல்லூரியைத் தங்களுடையதாக நினைக்கிறார்கள். நான் பயப்படுவது யாருமே எதுவும் கேட்காத கல்லூரியைப் பார்த்துத்தான்.

அடிதடி வேறு. 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரி வாசலில் நடந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சாதிப் பகையில் மாணவர்களே மாணவர்களை அடித்தார்கள், போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. விசாரணை ஆணையம் வந்தது. 1891-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி, உயர் நீதிமன்றத்தின் நிழலில் இருந்து பிரிந்து, 2018-ல் சென்னைக்கு வெளியே பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. புது வளாகம் விசாலமாக இருக்கலாம். ஆனால் வகுப்பு முடிந்ததும் தெருவைத் தாண்டி உயர் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து வாதம் கேட்ட தலைமுறைகளின் வசதி போய்விட்டது. மாணவர்களுக்குள் பகை புகைவதை முன்கூட்டியே கண்டு பேசித் தீர்ப்பது தலைமையின் வேலை. அது நடக்காதபோது எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

தரவரிசையில பேர் வந்திருக்கு. அதை நம்பிச் சேரலாமா?

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எப். தரவரிசைப் பட்டியலில் 2018 முதல் சட்டத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ரேங்க்கைவிட, அதற்காகக் கல்லூரி கொடுத்த விவரங்கள்தான் பயனுள்ளவை. ஆசிரியர் பெயர்ப் பட்டியல், அவர்கள் சேர்ந்த தேதி, நூலகத்துக்கான செலவு எல்லாம் அதில் இருக்கும், கல்லூரி தன் இணையதளத்தில் போட்டிருக்கும். மூன்று வருடத்து விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர்களில் பாதிப் பேர் வருடா வருடம் மாறிக்கொண்டே இருந்தால், முதல்வரைப் பற்றிய கேள்விக்கு மேலே நான் சொன்ன கதை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

சேர்றதுக்கு முன்னாடி ஒரே நாள்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேர்க்கை அலுவலகத்துக்குப் போகாமல் முதலில் நூலகத்துக்குப் போங்கள். கடைசியாக வந்த தீர்ப்புத் தொகுப்பின் தேதி என்ன, இணையச் சட்டத் தரவுத்தளம் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு சுலபமான சோதனை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை 302-ல் இருந்து 103-க்கு மாறிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூடப் புதியவை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் நல்ல ஆசிரியர் இரண்டையும் ஒப்பிட்டு நடத்தியிருப்பார். பழைய குறிப்பே ஜெராக்ஸ் ஆகிச் சுற்றிக்கொண்டிருந்தால், அங்கே யாரும் கல்லூரியை நடத்தவில்லை, அது தானாக உருண்டுகொண்டிருக்கிறது.

இன்னும் நேரம் இருந்தால் பிற்பகல் இரண்டரை மணிக்கு வகுப்பறைகளைச் சுற்றி வாருங்கள். காலையில் எல்லாக் கல்லூரியும் நன்றாகத்தான் இருக்கும். பார் கவுன்சில் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு எந்த ஆண்டு வரை அங்கீகாரம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அங்கீகாரம் நடுவுல போயிட்டா என் பட்டம் என்ன ஆகும்?

வழக்கறிஞராகப் பதிவு செய்ய, பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. பதிவின்போது கல்லூரியின் அங்கீகாரத்தில் சிக்கல் என்றால் அலையப்போவது நீங்கள்தான். அதனால் நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கல்லூரியிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

நான் ஏற்கெனவே மூன்றாம் ஆண்டு. வேற காலேஜ் மாறிடலாமா?

அவசரப்படாதீர்கள். நடுவில் புகுவதற்கு 2008 விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. கல்லூரி மாற்றம் என்பது பல்கலைக்கழகத்தின் அனுமதி, அங்கே காலியிடம், பாடத்திட்டப் பொருத்தம் என்று பலதைப் பொறுத்தது. கிடைத்தால் போங்கள், ஆனால் அதை நம்பிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

அதைவிடக் கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது அதிகம். விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி உண்டு. சான்றிதழுக்காக முடிக்காமல், மாவட்ட நீதிமன்றத்தில் உழைக்கும் ஒரு சீனியரிடம் போய் உண்மையாகவே உட்காருங்கள். நீதிமன்றத்துக்குள் போய் வழக்கைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு தீர்ப்பு என்று வைத்துப் படியுங்கள். இடைநீக்கம் செய்யப்பட்ட அந்த நால்வர் அப்படித்தான் படித்தார்கள். இருவரை இன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களாகச் சந்திக்கிறேன். என் வாதத்தில் ஓட்டை இருந்தால் விடமாட்டார்கள்.

புகார் கொடுத்தா பழிவாங்க மாட்டாங்களா? அக மதிப்பெண் அவங்க கையில இருக்கே.

பயம் நியாயமானது. அதனால் தனியாகப் போகாதீர்கள், வாய்மொழியாகவும் போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். புகாரில் "நிர்வாகம் சரியில்லை" என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "இந்தச் செமஸ்டரில் சொத்துரிமைச் சட்டத்துக்கு ஆகஸ்ட் முழுக்க ஆசிரியர் இல்லை" என்று தேதியோடு எழுதுங்கள்.

இன்னொரு கருவி 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தனியார் கல்லூரியிடம் நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், பல்கலைக்கழகமும் பார் கவுன்சிலும் பதில் சொல்ல வேண்டியவை. கல்லூரி அவர்களிடம் கொடுத்த ஆசிரியர் பட்டியலையும் ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். 30 நாள் அவகாசம். அந்தப் பட்டியலில் வகுப்பில் நீங்கள் ஒருநாளும் பார்க்காத பெயர்கள் இருந்தால், உங்கள் புகாருக்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால், தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

நான் அங்கே ஆசிரியர். வாயைத் திறந்தா வேலை போகும். என்ன செய்ய?

உங்கள் குடும்பச் சூழல் எனக்குத் தெரியாது, அதனால் தியாகம் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் வகுப்பு உங்கள் கையில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நடக்காத வகுப்புக்கும் வராத மாணவனுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் மறுக்க முடியாவிட்டால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள். பெரும்பாலும் அந்த உத்தரவு வராது, விஷயமும் அதோடு நின்றுவிடும்.

கெட்டுப்போன கல்லூரி திரும்ப எழுந்திருக்குமா, இல்ல அவ்வளவுதானா?

எழும். ஆனால் விழுந்ததைவிட அதிக காலம் ஆகும். புது முதல்வர் வந்ததும் பெயர்ப்பலகையும் சின்னமும் மாறினால் நான் நம்பமாட்டேன். காலியான ஆசிரியர் பணியிடத்துக்கு வெளிப்படையாக விளம்பரம் வருகிறதா, நின்றுபோன சந்தா புதுப்பிக்கப்படுகிறதா, ஆசிரியர் கூட்டம் மறுபடி நடக்கிறதா என்று பார்ப்பேன். விலகிப்போன நல்ல ஆசிரியர்களில் ஒருவராவது திரும்பி வந்தால் அது பெரிய அறிகுறி.

பழைய மாணவர்கள் இதில் நிறையச் செய்யலாம். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் வரைவு வகுப்பு நடத்துகிறோம். பிராது, அதற்குப் பதிலான எதிருரை, ஜாமீன் மனு. முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள். அந்தக் கல்லூரியின் இப்போதைய முதல்வர் போன மாதம் போன் செய்து, இதைக் கல்லூரியிலேயே வந்து நடத்த முடியுமா என்று கேட்டார். நூலகத்தைத் திறந்து வைத்தால் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.